கரண்ட் போனால் ஒட்சிசன்: வீட்டில் மெசின் வைத்திருப்பவர்களுக்கு

முதல் வேலை, காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் மெசின் (கொன்சன்ட்ரேற்றர்) ஓடும்போதே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கீச்சென்று அலாரம் அடிக்கவேண்டும். சில மெசின்களில் அலாரத்துக்கென்று சின்னப் பற்றரி உண்டு. அது செத்திருந்தால், இரவில் கரண்ட் போனது ஒருவருக்கும் தெரியாது.

அடுத்தது சிலிண்டர். பெரும்பாலானோர் பிழைவிடுவது இந்தக் கணக்கில்தான். சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை (உள்ளே எத்தனை லீற்றர் தண்ணீர் கொள்ளும் என்பதை) மானி பாரில் காட்டும் அமுக்கத்தால் பெருக்குங்கள். 10 லீற்றர் சிலிண்டரில் 150 பார் இருந்தால் 1500 லீற்றர் ஒட்சிசன். அடியில் 150 லீற்றரைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள். நிமிடத்துக்கு 2 லீற்றர் என்றால் 675 நிமிடம், ஏறக்குறைய 11 மணித்தியாலம். 4 லீற்றர் என்றால் அதில் பாதிதான். எத்தனை லீற்றர் என்பதை டொக்டரிடம் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். பயத்தில் கூட்டிவிடக் கூடாது.

எத்தனை மணித்தியாலத்துக்கு வைத்திருப்பது? மின்வெட்டு நேரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், றோட்டைப் பாருங்கள். முல்லைத்தீவில், மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஏறினால், புதுக்குடியிருப்பிலிருந்து மாஞ்சோலை ஆசுபத்திரிக்குச் சுற்றித்தான் போகவேண்டும். அந்தச் சுற்றும் சேர்ந்த நேரத்துக்கு ஒட்சிசன் வேண்டும். பாதி முடிந்ததும் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள், முடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

சிலிண்டரை நிமிர்த்தி, தூணோடு சங்கிலியால் கட்டுங்கள். திறப்பும் அதிலேயே தொங்கட்டும். ரெகுலேற்றரைத் தேங்காயெண்ணெய்க் கையோடு தொடவே கூடாது. அமுக்கமான ஒட்சிசன் எண்ணெயில் பட்டால் தீப்பிடிக்கும். குப்பி விளக்கு, மெழுகுதிரி, நுளம்புத்திரி எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம். ரோச் போதும்.

இன்வேட்டரை நம்பிக் காசு கொட்டாதீர்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரியில் 1200 வோட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரி கெதியாய்ப் பழுதாகும். இன்வேட்டர் தின்பதும் போக மிஞ்சுவது 500 அளவில். 350 வோட் மெசின் அதில் ஒன்றரை மணித்தியாலம்கூட ஓடாது. கொம்பியூட்டர் யூபிஎஸ் சில நிமிடத்தில் படுத்துவிடும். என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு முதலில் இரண்டாவது சிலிண்டர். அதற்குப் பிறகும் இன்வேட்டர் வாங்குவதென்றால் சுத்தமான சைன் அலை (pure sine wave) தருவதை வாங்குங்கள். மலிவானதில் மெசினின் கொம்பிரசர் இரைந்து சூடாகும். ஜெனரேற்றர் இருந்தால் வளவில் 20 அடி தள்ளியே வையுங்கள். விறாந்தையில் வைத்தால் புகை வீட்டுக்குள் வந்து ஆளைக் கொல்லும்.

கரண்ட் போனதும் மெசின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்ப வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். லைற் பத்து நிமிடம் சீராக எரிந்தபின் போடுங்கள். போட்டாலும் ஒட்சிசன் செறிவு சரியாக வரச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை சிலிண்டரை மூடவேண்டாம்.

பிறகு சேர்த்தது: சிலரின் கணக்கு 14 மடங்கு கூடி வந்திருக்கிறது. காரணம், அவர்களின் மானி காட்டுவது பார் அல்ல, பிஎஸ்ஐ. 2000 என்று நின்றால் அது 138 பார். முள்ளைப் பார்க்க முதல், மானியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.