எல்லையோர ஊரில் இருந்தபடி இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதிச் சம்பாதிப்பது: தொடங்குவோருக்கான செய்முறை

கம்பம், போடி, குமுளி, செங்கோட்டை, களியக்காவிளை, வேலந்தாவளம், திருத்தணி, ஆரம்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வேலையில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. இரண்டு மாநிலத்து நடைமுறையும் தெரியும். மலையாளமோ தெலுங்கோ கேட்டால் புரியும். பலருக்கு வாசிக்கவும் வரும். தமிழில் எழுதும் இணையதளங்களுக்குச் சினிமா, ராசிபலன், கைபேசி பற்றி எழுத ஆள் ஏராளம். செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சரிபார்த்து எழுதத்தான் ஆள் இல்லை. அந்த இடத்தைப் பிடித்தால்தான் இதில் காசு பார்க்க முடியும்.

முதலில் தட்டச்சு

எந்தக் கணினியிலும் கைபேசியிலும் சரியாகத் தெரியும் எழுத்து முறையான யூனிகோடில் தட்டச்சு செய்யத் தெரியாமல் வேறு எதையும் தொடங்க வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பழகியவர்கள் அதே கோப்பை அனுப்பினால், இணையதள ஆசிரியரின் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். திறந்து பார்த்த கையோடு மூடிவிடுவார். பழைய கோப்புகள் இருந்தால் எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு முறை முழுக்கப் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

கணினி இருந்தால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சில வாரங்களில் கை பழகிவிடும். கைபேசி மட்டும் இருந்தால் ஜிபோர்டு என்ற கூகுளின் விசைப்பலகைச் செயலி போதும். பேசியே எழுதும் வசதி முதல் வரைவுக்கு உதவும். ஆனால் ல, ள, ழ குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும் அது அப்படியே கொண்டுவந்து சேர்க்கும், நிறுத்தற்குறிகளையும் நீங்களே இட வேண்டும். பேசி எழுதியதைத் திருத்தாமல் அனுப்பினால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

எதை எழுதுவது

உங்கள் ஊரில் இருந்து இருபது கிலோமீட்டருக்குள், இரண்டு பக்கமும், மக்கள் எதற்கு அலைகிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாக்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்கள் பிள்ளைகள் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கேரள அரசு வேலைக்கான பணியாளர் தேர்வாணையத் (பிஎஸ்சி) தேர்வு எழுதுகிறார்கள். அறிவிப்பைத் தமிழில் தெளிவாக விளக்கும் கட்டுரைக்கு அங்கே வாசகர் உண்டு. வருமானச் சான்றுக்குத் தமிழ்நாட்டில் இ-சேவை மையம், கேரளத்தில் அக்ஷயா மையம், ஆந்திரத்தில் மீசேவா. எங்கே என்ன காகிதம் கேட்கிறார்கள் என்று எழுதினாலே ஒரு தொடர் ஆகும். மறையூர் வெல்லம், கம்பம் பன்னீர் திராட்சை, பாலக்காடு மட்டை அரிசி என்று புவிசார் குறியீடு பெற்ற பொருட்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இதில் இரண்டு துறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எழுதுபவரை எந்த ஆசிரியரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. “ஏலக்காய்க்கு அந்தக் குமுளிக்காரரைக் கேள்” என்று சொல்ல வைப்பதுதான் நோக்கம்.

ஒரு கட்டுரை எப்படி உருவாகிறது

ஏலக்காய் விலையையே எடுத்துக்கொள்வோம். இந்திய நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் தமிழ்நாட்டில் போடிநாயக்கனூரிலும் மின்-ஏலம் நடக்கிறது. அன்றன்று வந்த சரக்கு, விற்ற சரக்கு, கிலோவுக்கு அதிகபட்ச விலை, சராசரி விலை எல்லாம் வாரியத்தின் தளத்தில் வெளியாகும். புதிதாக எழுதுபவர் செய்யும் தவறு, அதிகபட்ச விலையைத் தலைப்பில் போடுவது. அந்த விலை நல்ல பச்சை நிறமும் பருமனும் உள்ள ஏதோ ஒரு லாட்டுக்கு, அதாவது ஏலத்தில் விட்ட ஒரு தொகுதிக்குக் கிடைத்தது. சிறு விவசாயியின் காய்க்குச் சராசரியை ஒட்டித்தான் கிடைக்கும், பல நாள் அதற்கும் கீழே. தலைப்பை நம்பிக் காயை மூட்டை கட்டிக்கொண்டு போனவர் அந்தத் தளத்தைத் திரும்பப் பார்க்கமாட்டார். ஆசிரியரும் உங்களுக்கு அடுத்த வேலை தரமாட்டார்.

எனவே, தலைப்பில் சராசரி விலை. முதல் பத்தியில் தேதி, ஏலம் நடந்த ஊர், சராசரி, அதிகபட்சம், விற்ற அளவு. இந்த ஐந்தும் முதல் நான்கு வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். கைபேசியில் படிப்பவர் அதற்கு மேல் காத்திருப்பதில்லை. அடுத்த பத்தியில் விலை ஏறியதற்கோ இறங்கியதற்கோ காரணம். காரணத்தை நீங்களாகச் சொல்லக் கூடாது. ஒரு விவசாயி, ஒரு வியாபாரி, முடிந்தால் காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருப்பவர் என மூன்று பேரிடம் கேளுங்கள். மூவரும் மூன்று காரணம் சொன்னால் மூன்றையும் யார் சொன்னது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பிறகு வாசகருக்குப் பயன்படும் கணக்கு: சுமார் 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் 1 கிலோ வரும். அதிலிருந்து பறிப்புக் கூலி, உலர்த்தும் செலவு போக என்ன மிஞ்சும் என்று போட்டுக் காட்டலாம். எங்கோ உட்கார்ந்து விலைப் பட்டியலை மட்டும் பார்த்து எழுதுபவரால் இந்தப் பகுதியை எழுதவே முடியாது.

நீளம் 700 முதல் 900 சொல் போதும். பத்திக்கு நான்கைந்து வாக்கியம். துணைத்தலைப்புகளை மக்கள் தேடும் சொல்லில் வையுங்கள்: “ஏலக்காய் விலை நிலவரம்” என்று தேடுகிறார்களே தவிர, “நறுமணப் பொருள் சந்தைப் போக்கு” என்று யாரும் தேடுவதில்லை. கூகுள் தேடல் பெட்டியில் முதல் இரண்டு சொல்லை அடித்தால் கீழே விழும் பரிந்துரைகளைப் பார்த்தாலே மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

முடித்ததும் உரக்கப் படியுங்கள். எல்லையோரத்தில் பேசும்போது மலையாளமும் தெலுங்கும் கலந்து வருவது இயல்பு. எழுத்தில் அது நுழைந்தால் மதுரை வாசகருக்குப் புரியாது. கேரள அரசு ஆணையையோ ஆந்திர அறிவிப்பையோ பார்த்து எழுதும்போது இது அதிகம் நடக்கும். அதற்கு ஒரே வழி, மூலத்தை இரண்டு முறை படித்து மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்வதுபோல எழுதுவது. தேதி, தொகை, வயது வரம்பு ஆகியவற்றை மட்டும் கடைசியில் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படங்களும் செயற்கை நுண்ணறிவும்

கூகுளில் கிடைத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள். இணையத்தில் கிடப்பதால் காப்புரிமை போய்விடுவதில்லை. பணம் கேட்டு நோட்டீஸ் வந்தால் தளம் உங்களைத்தான் கைகாட்டும். நீங்களே எடுங்கள், கிடைமட்டமாக, பகல் வெளிச்சத்தில். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தொகுப்பில் எடுத்த படம் என்றால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை எழுத்துப்பிழை பார்க்க, தலைப்பு யோசிக்க வைத்துக்கொள்ளலாம். கட்டுரையை எழுதச் சொன்னால், இல்லாத திட்டத்தையும் தவறான தேதியையும் நல்ல தமிழில் தந்துவிடும். படிக்க நன்றாக இருப்பதுதான் அதில் ஆபத்து. தளம் அதை அனுமதிக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பல இடங்களில் ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும்.

வாய்ப்புக் கேட்பது

யாருக்கும் எழுதும் முன் மூன்று மாதிரிக் கட்டுரைகள் தயாராக இருக்க வேண்டும். கூகுள் டாக்ஸில் வைத்து, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று அமைத்துவிடுங்கள். இதை மறந்தால் ஆசிரியர் சொடுக்கும்போது அனுமதி கேட்கும் பக்கம் வரும். அனுமதி வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

தளத்தின் ‘தொடர்புக்கு’ பக்கத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். “எதை வேண்டுமானாலும் எழுதுவேன், வாய்ப்புத் தாருங்கள்” என்ற கடிதத்தால் பயன் இல்லை. இப்படி எழுதலாம்:

“வணக்கம். குமுளியில் இருந்து எழுதுகிறேன். ஏலக்காய் மின்-ஏலத்தில் சராசரி விலைக்கும் அதிகபட்ச விலைக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்று சிறு விவசாயிகளுக்கு விளக்கும் 800 சொல் கட்டுரை தர முடியும். இரண்டு விவசாயிகளிடமும் ஒரு வியாபாரியிடமும் பேசியிருக்கிறேன். நானே எடுத்த நான்கு படங்கள் உள்ளன. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவேன். மாதிரிக் கட்டுரைகளின் இணைப்பு கீழே. கட்டுரைக்கு என்ன தொகை, எப்போது வழங்குவீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.”

ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். பதில் இல்லையென்றால் அதே யோசனையை அடுத்த தளத்துக்கு அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு தளத்துக்கு ஒரே கட்டுரையைக் கொடுப்பது மட்டும் கூடாது. இரண்டும் வெளியிட்டுவிட்டால் இரண்டு இடத்திலும் கதவு மூடும்.

பணம் பேசுவது

எழுதும் முன் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: தொகை, எந்தத் தேதியில் வரும், எத்தனை முறை திருத்தம் செய்து தர வேண்டும், வெளியிடாவிட்டால் பாதித் தொகையாவது உண்டா. வாட்ஸ்அப்பில் வந்த பதிலும் எழுத்துதான், அழிக்காமல் வையுங்கள். “வெளியானதும் தருகிறோம்” என்று மட்டும் சொன்னால், வெளியிடும் நாளைக் கேளுங்கள்.

சொல் கணக்கில் கூலி பேசினால் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் விகுதியும் வேற்றுமையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் 1000 சொல் உள்ள கட்டுரை தமிழுக்கு வரும்போது எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிடும். எனவே மொழிபெயர்ப்பு வேலைக்கு மூலத்தின் சொல் எண்ணிக்கைப்படி கூலி என்று பேசுங்கள். சொந்தக் கட்டுரைக்குக் கட்டுரை ஒன்றுக்கு இவ்வளவு என்பதே நல்லது. எடுத்துக்காட்டுக்கு, சொல்லுக்கு 50 பைசா என்றால் 800 சொல்லுக்கு 400 ரூபாய். தகவல் சேகரிக்க, எழுத, திருத்த எட்டு மணி நேரம் ஆனால் மணிக்கு 50 ரூபாய்தான். போடிமெட்டு ஏறிப் போய்வந்த பஸ் செலவு இதில் சேரவில்லை. இந்தக் கணக்கை ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு நோட்டில் போட்டு வைத்தால், எந்தத் தளத்துக்கு எழுதுவது கட்டுபடியாகும் என்று தானே தெரியும்.

முன்பணம் கேட்பவர்களிடம் போகவே வேண்டாம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் மோசடிதான். வேலை கொடுப்பவர் பணம் தருவார், வாங்கமாட்டார். பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லி, பிழை இருக்கிறது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் போலொன்றை அனுப்பி மிரட்டும் கும்பல்களும் உண்டு. பயந்து பணம் கட்டாதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். மாதிரி என்ற பெயரில் முழுக் கட்டுரைகள் மூன்று நான்கு கேட்டு வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களும் உண்டு. சோதனைக்கு 200 சொல் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

சொந்தத் தளமும் வரியும்

மற்ற தளங்களுக்கு எழுதிக்கொண்டே சொந்த வலைப்பூவும் வைத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 முதல் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் கிடைக்கிறது. வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். எஸ்டேட் லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கடிதம் எஸ்டேட் ஆபீசில் தங்கிவிடும். தபால்காரர் நேரில் கொண்டுவந்து தரும் முகவரியாகப் பார்த்துக் கொடுங்கள். 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். தொடக்கத்தில் அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அதனால் முதல் வருடம் இதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

பான் எண் கட்டாயம் வேண்டும். ஒரு நிறுவனம் உங்களுக்கு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால் 10% டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி பிடிக்கும்; பான் கொடுக்காவிட்டால் 20% போய்விடும். பிடித்த தொகை உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். ஏறவில்லை என்றால் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு உடனே எழுதுங்கள். மொத்த வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். அப்போதுதான் பிடித்த பணம் ரீஃபண்டாக வங்கிக்குத் திரும்பும்.