சிம்கோ ஏரியில் பனிக்கட்டி மேல் தூண்டில்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கார் ஓட்டினால் சிம்கோ ஏரி வந்துவிடும். எழுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடைய இந்த ஏரி, தை பிற்பகுதியில் ஆயிரக்கணக்கானோர் நடமாடும் வெள்ளைத் திடலாகிவிடுகிறது. கடலில் வலை வீசியோ குளத்தில் தூண்டில் போட்டோ பழகியவர்களுக்கும் இந்தப் பனிக்கட்டித் தூண்டில் புதிய கலைதான். கருவிகளைப் பற்றிச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால், கட்டிக்குக் கீழே வாழும் மீன்களின் நிலைமையையும் சேர்த்தே இங்கு விளக்குகிறேன். அது தெரியாதவர் எந்த ஆழத்தில் துளையிடுவது, எந்த மீனை விட்டுவிடுவது என்று தடுமாறுவார்.

படி 1: உரிமமும் அளவும்

கனடாவில் வசிப்போரில் 18 முதல் 64 வயது வரையானவர்கள் ஒன்ராறியோவில் மீன் பிடிக்க உரிமம் வாங்க வேண்டும். உரிமத்தில் இரு வகை உண்டு. முழு உரிமம் வைத்திருப்பவர் இந்த ஏரியில் 50 மஞ்சள் பேர்ச் வரை வைத்துக்கொள்ளலாம். விலை குறைந்த பேணல் உரிமத்துக்கு 25 தான். லேக் ட்ரவுட் முறையே இரண்டும் ஒன்றும். ஒருநாள் உரிமமும் கிடைக்கும் என்பதால், பழகிப் பார்க்க வருபவர் ஆண்டு முழுமைக்கும் பணம் கட்டத் தேவையில்லை. எந்த மீனுக்கு எந்த நாட்களில் அனுமதி என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஆகவே மாகாணம் வெளியிடும் அந்த ஆண்டின் விதித் தொகுப்பில் சிம்கோ அடங்கும் 16ஆம் மீன்பிடி வலயத்தின் பகுதியையும், சிம்கோவுக்கென்று தனியாகக் கொடுக்கப்பட்டுள்ள விதிவிலக்குகளையும் புறப்படுவதற்கு முன்பே வாசித்துவிடுங்கள்.

படி 2: கட்டியை நம்பலாமா என்று பார்ப்பது

கண்ணாடி போல் தெளிந்து நீலம் பாய்ந்த கட்டி குறைந்தது 10 செ.மீ. தடிப்பு இருந்தால் ஒருவர் நடந்து போகலாம் என்பார்கள். நான் 15 செ.மீ. இல்லாமல் கால் வைப்பதில்லை. பனி கலந்து உறைந்த வெள்ளைக் கட்டிக்குப் பாதிப் பலமே உண்டு, எனவே அது இரு மடங்கு தடிப்பாக இருக்க வேண்டும். தெற்கே உள்ள குக்ஸ் குடா ஆழம் குறைந்தது என்பதால் முதலில் உறைகிறது. 41 மீற்றர் வரை ஆழம் போகும் கெம்பன்ஃபெல்ட் குடாவும் நடு ஏரியும் பல நாட்கள் கழித்தே உறைகின்றன. குக்ஸ் குடாவிலும் ஹாலண்ட் ஆறு வந்து விழும் வாய்ப் பகுதியை விட்டு விலகியே நில்லுங்கள், ஓடும் நீரின் மேல் கட்டி தடிப்பதில்லை. கழுத்தில் இரண்டு கூர்முனைக் கைப்பிடிகளைத் தொங்கவிட்டுக்கொள்வது அவசியம். விழுந்துவிட்டால் வழுக்கும் விளிம்பைக் குத்திப் பிடித்து ஏற உதவுபவை அவைதான். முதல் தடவையானால், கட்டி மேல் மீன்பிடிக் குடில் வாடகைக்கு விடுபவர்களோடு போவதே புத்திசாலித்தனம், ஏனென்றால் காற்றுக்குக் கட்டி வெடித்து விலகும் இடங்களை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள்.

படி 3: கருவிகள்

முக்கால் மீற்றர் நீளமுள்ள சிறு தூண்டில் கோல், பேர்ச்சுக்கு மெல்லிய தங்கூசி, நுனியில் மணி அளவு ஈயத்தோடு கூடிய ஜிக் கொக்கி, அதில் குத்த ஒரு புழு அல்லது சிறு மினோ மீன் ஆகியவை போதும். உயிருள்ள மினோவை வேறு பகுதியிலிருந்து கொண்டு வராதீர்கள்: வேற்றுநீர் உயிர்களும் நோய்களும் வாளித் தண்ணீரிலேயே பயணிக்கின்றன, அதற்கென விதிகளும் உண்டு. துளையிட 15 செ.மீ. விட்டமுள்ள கைத்துளைப்பான் பேர்ச்சுக்குப் போதும். ட்ரவுட்டை அந்தத் துளையால் ஏற்றுவது பெரும் பாடு, ஆகவே 20 செ.மீ. வேண்டும். கட்டி மேல் ஒருவர் இரண்டு தூண்டில்கள் வைத்திருக்கலாம், ஆனால் இரண்டும் 60 மீற்றருக்குள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

படி 4: ஆழத்தைத் தேர்வது

நீர் 4 பாகை செல்சியசில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் குளிர்காலத்தில் அடித்தளத்து நீர் மேற்பரப்பைவிடச் சற்று வெப்பமாக இருக்கிறது. மீன்களும் அடியை ஒட்டியே வாழ்கின்றன. ஒரு கனமான ஈயத்தைக் கொக்கியில் மாட்டி அடி தொடும் வரை இறக்கி ஆழத்தை அளந்துகொண்டு, பிறகு இரையை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்துங்கள். மெதுவாக இரண்டு மூன்று தடவை ஆட்டிவிட்டு அசையாமல் பிடித்திருந்தால், பேர்ச் பெரும்பாலும் அந்த அசையாத நேரத்தில்தான் கவ்வும். கண்ணால் இரை தேடும் மீன் ஆதலால் இருட்டிய பிறகு அது கவ்வுவது அரிது. ஒரே அளவு மீன்கள் சேர்ந்தே திரிகின்றன. பொடி மீன்களே தொடர்ந்து வந்தால் பொறுமை காட்டாமல் எழுந்து வேறு துளைக்குப் போங்கள்.

ஆழத்தில் ஒரு பாடம் இருக்கிறது. முதல் குளிர்காலத்தில் பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில் துளையிட்டு, வந்த சிறு பேர்ச்களை எல்லாம் பரிவோடு திருப்பி விட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால், துளைத் தண்ணீரில் அவை வயிறு மேலாக மிதந்தன; சிலவற்றின் இரைப்பை வாய்க்கு வெளியே பிதுங்கி நின்றது. பேர்ச்சின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே வழி இல்லை. அழுத்தம் குறையும்போது விரியும் காற்றை அதனால் வெளியேற்ற முடியாது. ட்ரவுட்டுக்கு அந்த வழி உண்டு, அது குமிழி விட்டபடியே மேலே வரும், விட்டால் பிழைக்கவும் கூடும். ஆகவே ஆழத்தில் பேர்ச் பிடிப்பவர் 'சின்னது, விட்டுவிடலாம்' என்று நினைத்துப் பிடிக்கக் கூடாது. பிடித்துப் பழகவும் விடவும் விரும்புபவர் ஆறேழு மீற்றருக்குள் துளையிடட்டும்.

படி 5: ட்ரவுட் வந்தால் துடுப்பைப் பாருங்கள்

இருபது, முப்பது மீற்றர் ஆழத்தில் லேக் ட்ரவுட்டும் வைட்பிஷும் கிடைக்கும். வைட்பிஷின் வாய் மென்மையானது. அது இரையைக் கவ்வி மேலே எழும்பும்போது தங்கூசி தளர்வதுதான் அடையாளம், இழுப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாந்து போவீர்கள்.

மேலே கொண்டு வந்த ட்ரவுட்டை உடனே ஈரக் கையால் பிடித்து, அதன் துடுப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதுகில் வாலுக்கு அருகே இருக்கும் சிறு சதைத்துடுப்போ வயிற்றுப்புறத் துடுப்பொன்றோ மழுங்கிப் போயிருந்தால், அது குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து, அடையாளத்துக்காகத் துடுப்பு வெட்டி ஏரியில் விட்ட மீன். எல்லாத் துடுப்பும் முழுதாக இருந்தால் அது ஏரியிலேயே பிறந்தது. இந்த வேறுபாடு வெறும் சுவாரசியம் அல்ல. வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் பாஸ்பரஸ் வந்து சேர, பாசி பெருகி, அது மடிந்து அடியில் அழுகும்போது கோடை முடிவில் ஆழ்நீரின் ஒட்சிசன் தீர்ந்தது. குளிர்நீரை நாடி அடியில் ஒதுங்கும் ட்ரவுட் குஞ்சுகளுக்கு இடமே இல்லாமல் போனது. 1960களில் இயற்கை இனப்பெருக்கம் முறிந்து, பல பத்தாண்டுகள் இந்த மீன் மனிதர் விட்ட குஞ்சுகளால்தான் நிலைத்தது. 2008இல் ஏரிக்கென்றே சட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த திட்டம், ஆழ்நீரில் லீற்றருக்கு 7 மில்லிகிராம் ஒட்சிசன், ஆண்டுக்கு 44 தொன்னுக்கு மேற்படாத பாஸ்பரஸ் என்று இலக்கு வைத்தது. இப்போது முழுத்துடுப்பு மீன்கள் மீண்டும் தென்படுகின்றன. விதி அனுமதித்தாலும் அத்தகைய மீனை நான் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. திருப்பி விடுவதானால், மீனைக் கட்டி மேல் கிடத்தாதீர்கள். கடுங்குளிரில் செவுளும் கண்ணும் நொடியில் உறைந்துவிடும். தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள்.

ஏரி ஹெரிங் என்னும் சிஸ்கோ மீனின் எண்ணிக்கை வீழ்ந்தபோது 2001இல் அதைப் பிடிப்பது முற்றாகத் தடை செய்யப்பட்டு, 2015இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ட்ரவுட்டின் முக்கிய உணவே இதுதான்.

படி 6: கொண்டு போவது

மீனை ஏரியிலேயே துண்டு போட்டுவிடாதீர்கள். இன்ன மீன், இத்தனை என்று அதிகாரி எண்ணிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். பேர்ச்சின் தோலை உரித்து மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்தால் முள் தொல்லை இல்லாத மீன், குழந்தைகளும் தின்பார்கள். பெரிய, வயதான ட்ரவுட்டில் பாதரசம் சேர்ந்திருக்கும். எத்தனை தடவை சாப்பிடலாம் என்பதை மாகாணத்தின் மீன் உணவு வழிகாட்டியில் நீளம் வாரியாகப் பார்க்கலாம்.

புறப்படும்போது, போட்ட துளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கிளையையோ குச்சியையோ நட்டுவிடுங்கள். இரவில் மெல்லிய கட்டி மூடிய துளை, மறுநாள் நடந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது.