மாமாவுக்கு ஒயினா, விஸ்கியா? செட்டிநாட்டு வீட்டுக்குப் பாட்டில் கொண்டுபோகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பரிசாக வந்த வெளிநாட்டுப் பாட்டிலை வந்த வாரமே திறக்கிற வீடு குறைவு. சிங்கப்பூர் மச்சான் கொண்டுவந்தது, மலேசியாவிலிருந்து சம்பந்தி கொடுத்தனுப்பியது என்று அட்டைப்பெட்டியோடு அப்படியே தேக்கு பீரோவுக்குள் போய்விடும். பையன் கல்யாணம் முடியட்டும், வீட்டுக்கு வெள்ளை அடித்து முடிக்கட்டும், பெரிய அண்ணன் ஊருக்கு வரட்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே போகும். சாமானைப் பத்திரப்படுத்தி வைக்கிற ஊர், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டில் வாங்கப்போகிறவர் இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் விஸ்கி பத்து வருஷம் பீரோவில் நின்றாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, நல்ல சிவப்பு ஒயின் நம்ம ஊரில் ஒரு சித்திரை, வைகாசியைத் தாண்டினாலே பாதி போய்விடும். பத்திரப்படுத்துகிற ஆளுக்கு விஸ்கி, திறந்து குடிக்கிற ஆளுக்கு ஒயின். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதையொட்டித்தான்.

அதற்கு முன்னால், கொடுக்கலாமா என்று பாருங்கள். குடியை விட்டுவிட்டவர், விட முயற்சி செய்துகொண்டிருப்பவர், கல்லீரல் கோளாறு என்று மாத்திரை சாப்பிடுபவர், குடியால் அடிபட்ட வீடு, இங்கெல்லாம் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் பாட்டில் வேண்டாம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம், ஆகவே காலேஜ் முடித்த தம்பிக்கு வாட்சே போதும். அடுத்தது மாதம். கார்த்திகை பிறந்தால் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள், அப்புறம் பிள்ளையார் நோன்பு, அது முடிந்த கையோடு தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடைப்பயணம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு டிசம்பர் லீவு கிடைப்பதும் சரியாக இந்த நாட்களில்தான். ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டில் யாருக்காவது போன் போட்டு, மாமா மாலை போட்டிருக்கிறாரா, நடைப்பயணம் போகிறாரா என்று கேட்டுவிடுங்கள். போட்டிருந்தால் பாட்டிலை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள், "அப்புறம் குடிங்க" என்று கொடுத்துவிட்டு வருவது சரியில்லை.

சரி, விஸ்கி.

நம்ம ஆட்கள் முதலில் பார்ப்பது பாட்டிலில் போட்டிருக்கும் எண்ணைத்தான். 12, 15, 18, 21. அந்த எண், உள்ளே கலந்திருக்கும் விஸ்கிகளிலேயே வயது குறைந்தது எத்தனை வருஷம் பீப்பாயில் இருந்தது என்று சொல்கிறது. 18 என்று போட்டிருந்தால் அதைவிட வயதானதும் உள்ளே இருக்கலாம், வயது குறைந்தது ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. ஸ்காட்ச் என்று பெயர் வாங்கவே ஓக் பீப்பாயில் 3 வருஷமாவது கிடக்க வேண்டும். பாட்டிலில் அடைத்த பிறகு வயது ஏறாது. 2005இல் வாங்கிய 12 வருஷ விஸ்கியை இன்றைக்குத் திறந்தாலும் அது 12 வருஷ விஸ்கிதான், ஆகவே "இருபது வருஷமாக வைத்திருக்கிறேன்" என்று பீரோவிலிருந்து ஒருவர் பெருமையாக எடுத்துக் காட்டினால் தலையாட்டிக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது என்பதில் என் கணக்கு இது. இத்தனை வருஷமும் ஜானி வாக்கர் பிளாக் லேபிள் குடித்துப் பழகியவர் என்றால் (அதுவும் 12 வருஷம்தான், நல்ல சரக்கு) அதே வழியில் ஒரு படி மேலே போங்கள்: ஜானி வாக்கர் 18, சிவாஸ் ரீகல் 18, இல்லையென்றால் சிங்கிள் மால்ட்டில் கிளென்ஃபிடிச் 15, கிளென்லிவெட் 15. இதெல்லாம் யாருக்கும் முகம் சுளிக்காது. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது, பல வடிசாலைச் சரக்கைக் கலந்து செய்வது பிளெண்டட். சிங்கிள் மால்ட்தான் உசத்தி என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை அப்படியே நம்ப வேண்டாம். ப்ளூ லேபிள் பிளெண்டட்தான், வயதும் போட்டிருக்காது, ஆனால் விலையைப் பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல், எண் பார்க்கிற மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "எத்தனை வருஷம்னு போடலையே" என்பார். அவருக்கு ராயல் சல்யூட் 21 கொடுங்கள். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்காகக் கொண்டுவந்தது, பீங்கான் குடுவையில் வரும், காலியான பிறகும் அதை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள், ஷோகேஸில் பர்மாவிலிருந்து வந்த சாமான்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

லாஃப்ரோயிக், லாகவுலின், ஆர்ட்பெக் மூன்றும் ஐலா தீவுச் சரக்கு. பார்லியைப் பீட் என்கிற சதுப்புநிலக் கரிமண் புகையில் காயவைப்பதால் மூடியைத் திறந்ததுமே புகையும் டிஞ்சர் அயோடினும் மூக்கில் ஏறும். பழகியவருக்கு உயிர். பழகாதவர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து டிரைவருக்குக் கொடுத்துவிடுவார். கேட்காமல் வாங்காதீர்கள். ஆனால் அது பிடித்தவராக இருந்தால், சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டுச் சுண்ட வதக்கிய உப்புக்கறி ஒரு கிண்ணம் பக்கத்தில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள், மனுஷன் ராத்திரி முழுக்க உங்கள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஸ்காட்ச் எதற்கு? பெங்களூர் அம்ருத், கோவா பால் ஜான் இரண்டும் அங்கே மதிப்பான பரிசு. இவற்றில் பெரும்பாலும் வயது போட்டிருக்காது, அதற்கு வெயில்தான் காரணம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகும், பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல். பதினெட்டு வருஷம் வைத்தால் பீப்பாயில் மிஞ்சுவது கொஞ்சம்தான், நாலைந்து வருஷத்திலேயே மரத்தின் சாரம் நன்றாக இறங்கிவிடும்.

பாட்டில் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: நிறுத்தியே வைக்க வேண்டும். படுக்கவைத்தால் சாராயத்தின் வீரியம் கார்க்கை அரித்துவிடும். ஜன்னல் வெயில் படக் கூடாது. திறந்தபின் பாதிக்குக் கீழே போய்விட்டால் சில மாதத்தில் முடித்துவிடுவது நல்லது, உள்ளே காற்று சேரச் சேர ருசி மங்கும்.

ஒயினுக்கு வருவோம், இதில்தான் பணம் வீணாகிறது.

ஒயினை 12, 14 டிகிரியில் வைக்கச் சொல்வார்கள். நம்ம ஊரில் மே மாதம் வெளியே 38, 40. பழைய வீடு என்றால் தடிச் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வளவை, அதாவது நடுமுற்றத்தைத் தாண்டி இருட்டான உள் அறைகளும் இருப்பதால் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் முப்பதைத் தொடும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற கான்கிரீட் ரூம் என்றால் கேட்கவே வேண்டாம். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், ஓரமாகக் கசியும், பழ வாசனை போய் வெந்த ஜாம் வாசனை வரும். கார்க் தலை கழுத்து விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால், மேல் தகடு பிசுபிசுவென்று ஒட்டினால், சூடு பட்டுவிட்டது என்று அர்த்தம். கடையில் வாங்கும்போதும் இதைத் தடவிப் பாருங்கள்.

எல்லா ஒயினும் வைக்க வைக்க உயரும் என்பதும் நடக்காத கதை. பெரும்பாலான ஒயின் சில வருஷத்தில் குடிக்கச் செய்தது. பதப்படுத்தி வைக்கத் தகுந்தது கொஞ்சம், அதுவும் குளிர்ந்த நிலவறையில். பிரான்ஸின் போர்டோவில் 1855இல் போட்ட தரவரிசையில் வரும் பெரிய பெயர்கள், இத்தாலியின் பரோலோ எல்லாம் இளசில் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்போடு இருக்கும், பல வருஷம் பொறுக்க வேண்டும். அதைக் கொண்டுவந்து காரைக்குடியில் யார், எங்கே வைத்துப் பொறுப்பது? ஆகவே கம்பெனிக்காரனே பதப்படுத்தி முடித்து விற்கிற ஒயினாக வாங்குங்கள். ஸ்பெயினின் ரியோஹாவில் ரிசர்வா என்று போட்டிருந்தால் குறைந்தது 3 வருஷம், அதில் 1 வருஷமாவது பீப்பாயில் கிடந்தது. கிரான் ரிசர்வா என்றால் 5 வருஷம், அதில் 2 வருஷம் பீப்பாய். வாங்கிய அன்றே குடிக்கலாம், விலையும் போர்டோ மாதிரி பயமுறுத்தாது. நல்ல ஒயின் கொடுக்க வேண்டும், ஆனால் குழப்பம் கூடாது என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

அடுத்தபடி ஆஸ்திரேலிய ஷிராஸ். திருகு மூடியோடு வருவது நிறைய கிடைக்கும். திருகு மூடி என்றால் மலிவு என்று நினைக்க வேண்டாம், இன்னொரு வசதியும் உண்டு: நம்ம வீடுகளில் அரிவாள்மணை இருக்கும், தேங்காய் துருவி இருக்கும், கார்க் ஸ்க்ரூ இருக்காது. ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் கார்க்கை உள்ளே தள்ளி, டீ வடிகட்டியில் வடித்துக் குடித்த ஒயின் எத்தனையோ. கார்க் போட்ட பாட்டில் கொடுத்தால் கூடவே ஒரு கார்க் ஸ்க்ரூவும் கொடுங்கள், அது இல்லாமல் அந்தப் பரிசு முழுசாகாது. நாசிக் பக்கத்து சூலா, பெங்களூர் நந்தி மலைப் பக்கத்து க்ரோவர் சாம்பா இரண்டிலும் மேல்தட்டுச் சிவப்பு ஒயின்கள் உண்டு, கொடுக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

பிறந்த வருஷ ஒயின் என்று ஒரு ஆசை சிலருக்கு. மணிவிழா காணும் அப்பச்சிக்கு அறுபது வருஷ ஒயின்! அந்த வயதில் உயிரோடு இருக்கிற ஒயின் மிகக் குறைவு, இருந்தால் சொத்தை எழுதிக் கேட்பான். வேண்டாம்.

சாப்பாட்டோடு குடிக்கப்போகிறார் என்றால் இன்னொன்று. மிளகும் மிளகாயும் ஏறிய கோழி வறுவலோடு துவர்ப்பு அதிகமுள்ள ஒயின் சேரவே சேராது, காரம் இரண்டு மடங்காகத் தெரியும், ஒயின் கசக்கும். துவர்ப்பு குறைந்த பினோ நோர், பழச்சுவை தூக்கலான கிரனாஷ் மாதிரி வாங்கினால் சுக்காவோடும் ஒத்துப்போகும். குடிக்கும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய அறைக்குச் சொன்னது, 16, 18 டிகிரி. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் ஊற்றிவிட்டுப் போகட்டும், ஐஸ் கட்டி போடுவதை மட்டும் நைசாகத் தடுத்துவிடுங்கள். திறந்தால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று, நாலு நாளில் முடிக்க வேண்டும்.

பாட்டில் கழுத்தில் ஒரு சீட்டு கட்டிவிடுங்கள், தமிழில்: "மாமா, இது ஃபிரிட்ஜில் இருக்கட்டும், பங்குனிக்குள் திறந்துவிடுங்கள்." சீட்டு இல்லாவிட்டால் அது நேராக பீரோவுக்குத்தான் போகும்.

கொண்டுவருவது பற்றி. விமானத்தில் வரும் வயது வந்தவர் ஒருவர் 2 லிட்டர் வரை வரி இல்லாமல் கொண்டுவரலாம். டூட்டி ஃப்ரீயில் விஸ்கி 1 லிட்டர் பாட்டிலாகவே நிறைய கிடைக்கும், அதோடு 750 மில்லி ஒயின் ஒன்று சேர்த்தால் 1.75, கணக்கு சரி. கணவன் மனைவி வந்தால் ஆளுக்கு 2 லிட்டர். சென்னையில் இறங்கி மதுரைக்கோ திருச்சிக்கோ உள்நாட்டு விமானம் மாறுகிறீர்கள் என்றால் பாட்டிலைப் பெட்டிக்குள் போட்டுவிடுவது நல்லது, கைப்பையில் வைத்துச் சோதனையில் மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு லுங்கியில் சுற்றி, துணிகளுக்கு நடுவில், பெட்டி ஓரத்தைத் தொடாமல் வையுங்கள். திருச்சியிலிருந்து காரில் வரும்போது ஒயினை டிக்கியில் போடாதீர்கள். புதுக்கோட்டையில் நிறுத்தி மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் டிக்கி கொதித்துவிடும். ஏசிக்குள், சீட்டுக்குக் கீழே. பில்லைத் தூக்கிப்போடாமல் கூடவே வைத்திருங்கள்.

இங்கேயே வாங்குவதானால் டாஸ்மாக் எலைட் கடை, அதுவும் பெரிய ஊர்களில் தேடிப்பாருங்கள். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் போன்ற நாட்களில் மூடியிருக்கும். பாண்டிச்சேரியிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ வாங்கிவருவது மலிவுதான், ஆனால் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, சோதனைச் சாவடியில் மாட்டினால் பரிசும் போகும், மானமும் போகும். மிலிட்டரி கேன்டீன் சரக்கை வெளியாளுக்கு விற்கக் கூடாது, அது எழுத்தில் போட்டே வரும், அதைப் பரிசாக நீட்டுவது அழகில்லை. தெரிந்த ஆள் மூலம் பாதி விலைக்கு ப்ளூ லேபிள் என்றால் காலி பாட்டிலில் வேறு எதையோ ஊற்றியிருப்பான்.

கொடுக்கிற விதம். சீர்த் தட்டிலோ, வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்திலோ, கொட்டான் என்கிற ஓலைக் கூடையிலோ பாட்டில் வரக் கூடாது. மணிவிழா, கல்யாணம் என்றால் விசேஷத்தன்று வேண்டாம், முந்தின நாளோ முடிந்த மறுநாளோ. சாக்லேட், தைலம், பாதாம் இருக்கிற பையோடு பாட்டிலைச் சேர்க்காதீர்கள்: பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பையை முதலில் சாமி அறையில் வைத்துக் கும்பிடுகிற ஆச்சிகள் இன்னும் இருக்கிறார்கள். தனிப் பை, உள்ளே தெரியாத துணிப் பையாக இருந்தால் நல்லது. வளவில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும்போது எடுக்காமல், மாமா முகப்புத் திண்ணைக்கு வந்து உட்காரும்போது "மாமா, உங்களுக்கு ஒண்ணு கொண்டுவந்தேன்" என்று பையோடு கையில் கொடுத்தால் போதும். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு "எதுக்குப்பா இதெல்லாம்" என்பார், பை மட்டும் திரும்பி வராது. ஆச்சிக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள், பீரோ சாவி அவரிடம்தான் இருக்கிறது, ஆகவே அவருக்கும் தனியாக ஏதாவது வாங்கிவிடுங்கள்.