விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு காணவில்லையா?

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸுடன் உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தையும் வைத்திருக்கிறீர்கள். நேற்றுவரை கம்ப்யூட்டரைப் போட்டதும் உபுண்டுவா விண்டோஸா என்று கேட்கும் கிரப் பட்டியல் வந்தது. ராத்திரி விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்றைப் போட்டுக்கொண்டது. காலையில் கேள்வியே இல்லை, நேராக விண்டோஸ் திறக்கிறது.

தயவுசெய்து அவசரப்பட்டு உபுண்டுவை மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் அப்படிச் செய்து, ஆறு மாத ப்ராஜெக்ட் வேலையைத் தொலைத்துவிட்டார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அவருடைய உபுண்டுவுக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை.

யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, கம்ப்யூட்டரைத் துவக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) உள்ள கம்ப்யூட்டரில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று சின்னதாக ஒன்று இருக்கும். அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். எதை முதலில் திறப்பது என்கிற வரிசை மட்டும் மதர்போர்டில் பதிவாகியிருக்கும். அந்த வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்துவிட்டது, பெரும்பாலும் அவ்வளவுதான்.

படி 1: விண்டோஸில் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரை வரும். அதில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதற்குள் போனால் ‘உபுண்டு’ என்ற பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கிரப் பட்டியல் வந்துவிட்டால் கவலையே இல்லை.

படி 2: இனி ஒவ்வொரு தடவையும் இப்படிச் செய்ய முடியாது, வரிசையை மாற்ற வேண்டும். அதற்கு முன் ஒரு முக்கியமான வேலை. உங்கள் விண்டோஸில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிவைக்கும் வசதி) ஓடினால், அதன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் (விண்டோஸ் திறக்கும் முன் வரும் செட்டிங்ஸ் திரை, யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டரிலும் இப்படித்தான் சொல்வார்கள்) எதையாவது மாற்றினால் அடுத்த தடவை அதைக் கேட்கக்கூடும், கையில் இல்லாவிட்டால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாது.

எழுதியாகிவிட்டதா? சரி, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள், பயாஸ் திறக்கும். டெல், ஏசர், ஆசஸ் மாடல்கள் பலவற்றில் இதுதான், ஹெச்பியில் எஃப்10. ‘பூட் ஆர்டர்’ பகுதியில் உபுண்டுவை மேலே ஏற்றி, சேவ் செய்து வெளியே வாருங்கள்.

படி 3: பட்டியலில் உபுண்டு என்ற பெயரே இல்லையென்றால் மட்டும் இது. லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸின் லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கும் பென்டிரைவ்) ஒன்றைத் தயார் செய்து அதிலிருந்து பூட் செய்யுங்கள். பூட் ரிப்பேர் என்ற கருவி அதிலேயே இருக்கிறது, உபுண்டுவையும் அது சரிசெய்யும். இணையத்தை இணைத்துக்கொண்டு ‘ரெகமெண்டட் ரிப்பேர்’ பொத்தானை அழுத்துங்கள், போதும்.

படி 4: உபுண்டுவுக்குள் வந்த பிறகு விண்டோஸ் டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லையா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் காரணமாக இருக்கும். அது ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் டிரைவில் எழுதினால் ஃபைல்கள் கெட்டுவிடும் என்றுதான் லினக்ஸ் மறுக்கிறது, வற்புறுத்தாதீர்கள். விண்டோஸுக்குப் போய் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்று உள்ளே போங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிட்டு, ஒரு தடவை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு உபுண்டுவைத் திறங்கள்.