சோலார் வயரிங்: எதில் சிக்கனம், எதில் கூடாது

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் மாடியில் சோலார் போடுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் டிசி கேபிளில் காசைக் குறைக்காதீங்க. வெள்ளீயம் பூசிய 4 சதுர மி.மீ. செம்புக் கேபிளே வாங்குங்க. வெறும் செம்பை உப்புக்காற்று அரித்துவிடும்.

ஏசிக்கான எம்சிபியை (தானாக டிரிப் ஆகும் சுவிட்சை) டிசி பக்கம் மாட்டவே கூடாது. நம் ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் சுவிட்ச் பிரியும்போது வரும் தீப்பொறி அணைந்துவிடும். டிசியில் அது நடக்காது. பொறி அணையாமல் எரியும். வெயில் இருக்கும்வரை பேனலும் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஆண், பெண் இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும்.

மிச்சம் பிடிக்க வேறு இடமுண்டு. இன்வெர்ட்டரை மாடிப்படி அறையிலேயே, நிழலில் வையுங்க, டிசி கேபிள் நீளம் குறையும். அங்கிருந்து மீட்டர் வரை தடிமன் கூடிய அலுமினியக் கேபிளே போதும், செம்போடு சேருமிடத்தில் பைமெட்டல் லக் (இரு உலோக இணைப்பு முனை) போட்டால். இடிதாங்கிக்கென்று தனி எர்த் குழி தோண்டுங்க, அதில் பேரம் வேண்டாம்.