மேசனில் வீடு, சின்சினாட்டியில் வேலை: மேயர் தேர்தலில் நமக்கு என்ன?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டி பக்கம் அக்டோபரில் வந்து இறங்கினால், வீட்டு வாசல் புல்வெளிகளில் நட்டிருக்கும் சிறு பலகைகள்தான் முதலில் கண்ணில் படும். வீடு விற்பனைக்கு என்று நினைத்து அதில் தொலைபேசி எண்ணைத் தேடியவன் நான். அவை தேர்தல் பலகைகள். ஒலிபெருக்கியும் சுவர் விளம்பரமும் இல்லாத தேர்தல் நம் கண்ணுக்குத் தேர்தலாகவே தெரியாது.

முதலில் உங்கள் முகவரியைப் பாருங்கள். ஊரில் கேட்பவர்களிடம் "சின்சினாட்டியில் இருக்கிறேன்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் மேசன் தனி நகரம், வாரன் கவுண்டியை (நம் மாவட்டம் போன்றது) சேர்ந்தது. வெஸ்ட் செஸ்டர் பட்லர் கவுண்டியில் இருக்கிறது. புளூ ஆஷில் குடியிருந்தால் தபால் முகவரியில் சின்சினாட்டி என்றே இருக்கும்; ஆனாலும் அது தனி நகரம்தான். சின்சினாட்டி மேயரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நகர எல்லைக்குள் வசிப்பவர்கள் மட்டுமே. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 3,09,000 பேர்.

அப்படியானால் நமக்கு என்ன என்கிறீர்களா? முதல் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அலுவலகம் நகருக்குள் இருந்தால் சம்பளத்தில் 1.8 சதவீதம் நகர வரியாகப் பிடித்திருப்பார்கள். என் சீட்டில் அதைக் கண்டதும் ஏதோ தவறு என்று கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தவறு என்னுடையதுதான். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களை மட்டும் ஒரு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வரிக்கணக்கு போடும்போது கை கொடுக்கும்.

நம் ஊர் மாநகராட்சிகளில் கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே 2001 முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் நான்கு ஆண்டு. மே மாத முதல் சுற்றில் முன்னிலை பெறும் இருவர் நவம்பரில் மோதுவார்கள். வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரே இருக்காது. 2025-இல் மேயர் ஆஃப்தாப் பியூர்வால், துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் தம்பி (தந்தை ஒருவர், தாய் வேறு) கோரி போமனைப் பெரும் வித்தியாசத்தில் வென்றார். பியூர்வாலின் தந்தை பஞ்சாபி, தாய் திபெத்தியர். இதைச் சொன்னதும் "அப்படியானால் நம்மவர்" என்று துள்ளாதீர்கள். அன்றாட நிர்வாகம் நகர மேலாளர் கையில் இருக்கிறது. நம் ஊர் மாநகராட்சி ஆணையரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி மிக முக்கியமான விஷயம். லைசென்ஸ் எடுக்கப் போகும்போது கவுண்டரில் இருப்பவர், வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று வழக்கமான கேள்வியாகக் கேட்கக்கூடும். படிவத்தில் அதற்கென ஒரு கட்டமும் இருக்கும். பின்னால் வரிசை நிற்கிறதே என்ற அவசரத்தில் தலையாட்டிவிடாதீர்கள். விசாவோ கிரீன் கார்டோ, உங்கள் பதில் "இல்லை, நான் குடிமகன் அல்ல" என்பதுதான். குடிமகன் என்று பொய்யாகக் கையெழுத்திட்டால் நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகலாம். உள்ளாட்சித் தேர்தல்தானே என்ற சமாதானமும் செல்லாது. 2022-இல் ஒஹாயோ தன் அரசியல் சட்டத்தையே திருத்தி அந்தக் கதவையும் மூடிவிட்டது. விசாவில் இருப்பவர்கள் வேட்பாளர்களுக்கு நன்கொடை கொடுப்பதும் சட்டவிரோதம், பத்து டாலரானாலும் சரி.

குடியுரிமை கிடைத்த பிறகு பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். குடியுரிமை இல்லாதவர்களின் லைசென்ஸில் அதைக் குறிக்கும் சொல்லை ஒஹாயோ 2023 முதல் அச்சிடுகிறது. அந்த அட்டையைக் காட்டி வாக்களிக்க முடியாது. சத்தியப்பிரமாணம் எடுத்த வாரமே புதிய லைசென்ஸுக்குப் போய்விடுங்கள். வாக்காளர் பதிவு தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிந்துவிடும். வாக்குச்சாவடி காலை 6.30 முதல் மாலை 7.30 வரை திறந்திருக்கும்.