எக்ஸ், ஒய்: இரண்டே எண்களில் எத்தனை தவறுகள்

திரையில் ஒரு புள்ளியைக் குறிக்க கிடைவாக்கில் எக்ஸ், செங்குத்தாக ஒய் என இரண்டு எண்கள் போதும். அவை எந்த வகை எண்கள், எங்கிருந்து அளக்கப்பட்டவை என்பதை யோசிக்காமல் எழுதத் தொடங்குவதில்தான் சிக்கலே.

அதிகம் பேர் விழும் குழி முழு எண். ஜாவா நிரல்மொழியில் புள்ளியைக் குறிக்கும் 'பாயிண்ட்' வகுப்பு (கிளாஸ்) முழு எண்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், 0.4 பிக்சல் நகர வேண்டிய பந்தின் இடத்தை அதில் சேமித்தால், பின்னம் ஒவ்வொரு முறையும் வெட்டுப்பட்டு, பந்து இருந்த இடத்திலேயே நிற்கும். இடத்தைத் தசம எண்ணாகவே வைத்திருங்கள். வரையும்போது மட்டும் முழுமையாக்குங்கள். அதிலும் கவனம் தேவை: 0.7, -0.7 இரண்டுமே வெட்டினால் 0 ஆகிவிடும். கட்டங்களாகப் பிரித்த வரைபடத்தில் பூஜ்ஜியக் கட்டம் மட்டும் இருமடங்கு அகலமாகிவிடும். கீழ்நோக்கி முழுமையாக்கும் 'ஃப்ளோர்' இருக்க, வெட்டுவது ஏன்?

பிரவுசரில் படம் வரைவதற்கான பரப்பான கேன்வாஸில் எக்ஸ் 10 என்ற இடத்தில் ஒரு பிக்சல் தடிமனில் செங்குத்துக் கோடு போட்டால் அது மங்கலாகத் தெரியும். அங்கே 10 என்பது பிக்சலின் நடுவன்று, விளிம்பு. கோடு இருபுறமும் பாதிப் பாதியாக விழுகிறது. 10.5 என்று கொடுத்தால் கூர்மையாகிவிடும். இதே குழப்பத்தின் இன்னொரு முகம், மென்பொருள்களின் திரைத் தோற்றத்தை உருவாக்க உதவும் கியூடி லைப்ரரியில் உண்டு: 0-இல் தொடங்கும் 100 அகலச் செவ்வகத்தின் வலது ஓரத்தைக் கேட்டால், முழு எண் வகை 99 என்கிறது, தசம வகை 100 என்கிறது. பழைய நிரல்களுக்காக விட்டுவைத்த வழக்கம் அது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒய் அச்சு பெரும்பாலான 2டி லைப்ரரிகளில் கீழ்நோக்கி வளரும் என்பது தெரிந்த கதைதான். ஆனால் அதைச் சரிசெய்ய நிரலெங்கும் கழித்தல் குறிகளைத் தூவாதீர்கள். வரையும் ஒரே இடத்தில் புரட்டுங்கள்.

ஜாவாவின் 'பாயிண்ட்' பற்றி மற்றொன்று: மதிப்பை வைத்தே இடம் ஒதுக்கிச் சேமிக்கும் தொகுப்பான ஹேஷ்செட்டில் போட்ட புள்ளியின் எக்ஸை பிறகு மாற்றினால், அது உள்ளேயே கிடந்தும் தேடலில் அகப்படாமல் போகும். மாற்ற முடியாத வகையாக நீங்களே ஒன்றை எழுதிக்கொள்வது நல்லது. எழுதும்போதே புள்ளியையும் இடப்பெயர்ச்சியையும் தனி வகைகளாகப் பிரித்துவிடுங்கள். இரண்டு புள்ளிகளைக் கழித்தால் இடப்பெயர்ச்சி கிடைக்கும். கூட்டினால் கிடைப்பதற்குப் பொருளே இல்லை. வகைகள் தனியாக இருந்தால், அந்தக் கூட்டலை நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே மறுத்துவிடும்.